புளுகு பாயின் நீர்யானை

பாய், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். புது எவர்சில்வர் தட்டு ஒன்று என் முன்னால் பளபளக்கிறது. மகள் மல்லிகா பேச்சுப் போட்டியில் வாங்கிய முதல் பரிசு. வாய் அவளுடையது, பேச்சு முழுக்க உங்களுடையது. காலமாகி இரண்டு வருடம் கழித்து மேடை ஏறிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

புளி வாங்க வாணியம்பாடியிலிருந்து எங்கள் மலைக்கு வருவீர்களே, அப்போது நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருப்போம். கதை விடுகிறவர் மேல் புளியங்கொட்டை எறிவது எங்கள் வட்டத்துச் சட்டம். தோல் பதனிடும் வேலைக்கு ஆப்பிரிக்கா போய் வந்த நீங்கள் வாயைத் திறந்தாலே கொட்டை மழைதான்.

“நீர்யானைக்கு நீஞ்ச வராதும்மா. தண்ணிக்கு அடியில தரையில கால ஊனி நடக்கும்.”

“எங்க வூட்டு எருமையே ஏரியில நீஞ்சுது. தண்ணியிலயே கெடக்குறது நீஞ்சாதா? இன்னா பாய் கதை வுடுறீங்க?” முதல் கொட்டை என்னுடையது.

“குட்டிய தண்ணிக்குள்ளயே போடும். உள்ளயே பால் குடிக்கும்.” இன்னொரு கொட்டை.

“வெயிலுக்கு ஒடம்புல செவப்பா கசியும். ரத்தம் இல்ல. தோல் காயாம இருக்க அதுவே பூசிக்கிற மருந்து.”

அதற்குக் கைப்பிடி கொட்டை. தாடியில் மாட்டியதைத் தட்டிவிட்டு நீங்களும் சிரித்தீர்கள். ‘புளுகு பாய்’ என்று பேர் வைத்தவளும் நான்தான். சந்தை முழுக்கப் பரவிவிட்டது.

ஒருநாள் மட்டும் சிரிக்காமல் சொன்னீர்கள்: “சின்னப் புள்ளைங்க கூட அப்படியே கூப்புடுதுங்க, தங்கச்சி. கண்ணால பார்த்ததத்தாம்மா சொன்னேன்.” அதற்கும் நான் சிரித்தேன். அதுதான் இத்தனை நாளாக உறுத்தியது.

போன மாதம் மல்லிகா வந்து, “ஒரு மிருகத்தப் பத்தி யாரும் பேசாதது சொல்லும்மா” என்றாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எங்கே போவேன்? உங்கள் சரக்கைத்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அவள் மேடை ஏறியதும்தான் எனக்கு உறைத்தது. பொய்யாகிப் போனால் அந்தப் பேர் என் மகள் தலையில் அல்லவா ஏறும்?

சிவப்பு வியர்வை என்றதும் கூடமே சிரித்தது. மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“யாரு பாப்பா சொன்னது?” என்றார் நடுவர் அம்மா.

நான் எழுந்துவிட்டேன். “வாணியம்பாடி பாய் சொன்னாருங்க. ஆப்பிரிக்காவுல கண்ணால பார்த்தவரு. நீங்களே செல்லுல பாருங்க மேடம்!”

அவர் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

“நீந்தாது, அடியில நடக்குமாம். சிவப்பு வியர்வையும் நிஜம்தான். குட்டி, பால், எல்லாமே சரியா சொல்லியிருக்கு பாப்பா. மனுசன விட வேகமா ஓடுமாம் வேற!”

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது, பாய்.

அடுத்த சந்தையில் கடை கடையாக நின்று சொன்னேன்: “பாய் சொன்னது அத்தனையும் நெசம். புளுகினது என் வாய்தான்.” இப்போது குழந்தைகள் உங்களை ‘நீர்யானை பாய்’ என்கிறார்கள்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் நீர்யானை துரத்தியது, ஓடியே அதைத் தோற்கடித்தேன் என்று என்னிடம் மார் தட்டினீர்களே? மேடம் செல்லில் வாசித்தபோதே பிடித்துவிட்டேன். பயப்படாதீர்கள். அந்த ஒரு புளுகு என்னோடு பத்திரமாக இருக்கும்.