போட்டோவில் விழாத மூன்றாம் குழி

என் அன்பு அண்ணி,

நாளைக் காலை கிளப் கமிட்டி கூடுகிறது. ஆலை லேபில் வேலை முடித்துத் திரும்பியதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துணி மடிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. உங்களோடு பேசினாலாவது கை ஓரிடத்தில் நிற்குமா என்று பார்க்கிறேன்.

விஷயம் இதுதான். சிமெண்ட் ஆலைக்குப் புதிதாகச் சுண்ணாம்புக்கல் வெட்டப் போகிறார்கள். அதற்கான லாரி ரோடு நம் காலனி கோல்ஃப் மைதானத்துக்குள் புகுந்து போகும். மூன்றாவது குழி, ஏழாவது குழி, இரண்டில் ஒன்று போக வேண்டும். கமிட்டியில் மற்றவர்கள் சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறார்கள். என் வாக்குதான் பாக்கி.

அண்ணனுக்கு ஏழாவது நிலைக்க வேண்டும். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கல் வெட்டிய பழைய பள்ளத்தில் மழைத்தண்ணீர் பச்சையாக நிற்க, மேட்டில் நீங்கள் முந்தானையை இடுப்பில் செருகி, மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிற படம் அங்கே எடுத்ததுதானே. நீங்கள் கண்மூடிய பிறகு அவர் மட்டையைத் தொடவில்லை. ஆனால் சாயங்காலமானால் அந்த மேட்டில் போய் நிற்கிறார்.

அழகான இடம்தான், மறுக்கவில்லை. விருந்தாளிகள் எல்லோரும் அங்கேதான் கேமராவை எடுக்கிறார்கள். ஆனால் விளையாட வந்தவருக்கு அங்கே என்ன வேலை? தண்ணீரைத் தாண்டி ஒரே அடி. பந்து போய்ச் சேரும், இல்லை முழுகும். இத்தனை வருஷத்தில் அங்கே நான் அடித்த ஒரு அடிகூட ஞாபகத்தில் இல்லை. தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாவது, பெரம்பலூர் பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் தெரிகிற தரிசு மாதிரி. ஒரு வறண்ட ஓடை, கொஞ்சம் முள், குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதில் ஆயில் பிசைந்த மணல். இடப்பக்கம் அகலம், பயமில்லை. ஆனால் அங்கிருந்து குழிக்கு அடித்தால் மணல் சரிவில் பந்து உருண்டு முள்ளுக்குள் போய்விடும். வலப்பக்கம் ஓடையைத் தாண்டிவிட்டால் குழி நேரே நிற்கும். நான் எப்போதும் இடப்பக்கம்தான். நீங்கள் பின்னால் நின்று அவசரப்படுத்துவீர்கள்:

"என்னடி லேப்காரி, கணக்குப் போட்டு முடிச்சிட்டியா? விடியறதுக்குள்ள அடிச்சிரு."

"ஓடையில விழுந்தா யாரு எடுக்கறது அண்ணி?"

"முள்ளுல மட்டும் யாரு எடுக்கறா? நான்தானே எடுத்துத் தரேன்!"

செட்டிகுளத்து வெங்காயக் காட்டில் மண்வெட்டி பிடித்த கை உங்களுடையது. வெள்ளைக் கல் சிதறிய தரையில் வெள்ளைப் பந்து தெரியாது என்று நாம் பந்துக்குக் காவி பூசுவோமே. ஒருநாள் காவி உதிர்ந்துபோய், பந்தென்று நினைத்து, நத்தை மாதிரி சுருண்டு கிடந்த ஒரு கல்லை ஓங்கி அடித்தீர்கள். மட்டை கோணியது. "பாவம், கல்லுக்கு வலிச்சிருக்கும்" என்றீர்கள். அது எந்த இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன்.

ஆனால் இதையெல்லாம் கமிட்டியில் சொல்ல முடியுமா? சொன்னால் அண்ணனிடமிருந்து உங்களை இன்னொரு முறை பிடுங்குவதாகாதா? அவருக்கு நீங்கள் ஒரு இடத்தில், எனக்கு இன்னொரு இடத்தில். இதில் யார் ஞாபகம் பெரியது என்று தீர்மானிக்க நான் யார்?

நேற்று சாயங்காலம் அவரை வம்படியாக மூன்றாவதுக்கு அழைத்துப் போனேன். "இங்க என்ன இருக்குன்னு கூட்டிட்டு வந்த?" என்று முனகினார். மட்டையை நீட்டினேன். வாங்கவில்லை. ஓடையையே பார்த்தபடி கேட்டார்:

"அவ எந்தப் பக்கம் அடிப்பா?"

"வலப்பக்கம். ஒருநாளும் மாத்தினதில்லண்ணா."

மட்டையை வாங்கினார். அடித்தார். பந்து நேரே ஓடைக்குள் விழுந்தது. சிரித்துவிட்டார், அண்ணி. சத்தமாக. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவரே இறங்கித் தேடினார். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஏழாவது போகட்டும் விமலா. போட்டோ எங்கிட்ட இருக்கு."

அவர் மனசாரத்தான் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா? இன்னும் தெரியவில்லை. ஆனாலும் நாளைக்கு மூன்றாவது இருக்கட்டும் என்றுதான் கை தூக்குவேன். கூட்டம் முடிந்ததும் பந்துக்குக் காவி பூசி, அண்ணனையும் கூட்டிக்கொண்டு அங்கே போவேன். இந்த முறை வலப்பக்கம் அடிப்பேன் அண்ணி. ஓடையில் விழுந்தால் நானே இறங்கி எடுத்துக்கொள்கிறேன்.

எப்போதும் இடப்பக்கமே அடித்த
உங்கள் நாத்தனார்,
விமலா