நீ மிச்சம் பிடித்த மாத்திரைகள்

உன் டிபன் பாக்ஸ் என் மேசை மேல் இருக்கிறது. இது கைக்கு வந்த அன்று மூடியைத் திறந்ததும் ஏலக்காய் வாசனைதான் முதலில் வந்தது. உள்ளே கத்திரியால் நறுக்கிய ஸ்ட்ரிப் துண்டுகள், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட சிவப்பு மஞ்சள் கேப்ஸ்யூல்கள், பெயர் அழிந்துபோன வெள்ளை மாத்திரைகள் எல்லாம் கிடந்தன. நீ போய், அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. இதை எடுத்துக் குப்பையில் போட உன் வீட்டில் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

கொண்டுவந்தது உன் மகள் கவிதா. தோட்டத்தில் அட்டைப்பூச்சி கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி, கால் முழங்கால் வரை சிவந்து வீங்கி, காய்ச்சலோடு நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். ஏதாவது மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். பைக்குள் கைவிட்டு இந்த டப்பாவை எடுத்து நீட்டினாள்.

“அம்மா வச்சிட்டுப் போனதுதான் சித்தி. போட்டுப் பாத்தேன், கேக்கல.”

நீ மட்டும் அப்போது எதிரில் இருந்திருந்தால் வாங்கிக் கட்டியிருப்பாய். செத்த பிறகும் வைத்தியம் பார்க்கிறவளை என்னவென்று திட்டுவது, சொல்லு.

அனுமந்தன்பட்டியில் ஒரே தெரு, ஒரே பெஞ்ச். நான் நர்சிங் படிக்கப் போனேன், நீ ஏலத்தோட்டத்துக்குப் போனாய். போன வேகத்தில், சேர்ந்து வேலைக்குப் போகிற பெண்கள் செட்டுக்குக் கங்காணியும் ஆகிவிட்டாய். வெள்ளென எழுந்து, ஜீப்பு நிறையப் பெண்களை ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இறக்கி, காய் எடுக்க வைத்து, பொழுது சாயக் கூட்டி வருவாய். அதுவரைக்கும் சரி. இடையில் உன்னை யாரடி டாக்டர் ஆக்கியது?

நீ எப்படி ஆரம்பித்தாய் என்று எனக்குத் தெரியும். உனக்குச் சளிக் காய்ச்சல் என்று ஒருமுறை எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தாய். நெஞ்சில் கபம் கட்டியிருந்தது, டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினார். நான்தான் எண்ணிக் கொடுத்தேன். காலையும் ராத்திரியும் சாப்பிட்ட பிறகு போடு, காய்ச்சல் விட்டாலும் எழுதினது வரைக்கும் போடு என்று அத்தனை தரம் சொன்னேன். மண்டையை மண்டையை ஆட்டினாய். அடுத்த வாரம் ஜீப்பு நிறுத்தத்தில் பார்த்தால், அதே மாத்திரையை வேறொருத்தி கையில் வைத்து, தண்ணீர் பாட்டிலையும் திறந்து கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

“எனக்குக் காச்சல் விட்டுருச்சு நர்சு. சும்மா கெடக்கிற மாத்திரைதான, அவளுக்காவது ஆகட்டும்” என்றாய்.

அவளுக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். தும்மல் என்றாய். தும்மலுக்கு இது கேட்காது, இது கிருமிக்கு உண்டான மருந்து, எந்தக் கிருமிக்கு எது என்று பார்த்துத்தான் எழுதுவாக என்று நடுரோட்டில் நின்று பாடம் எடுத்தேன். ஜீப்புக்குள் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தான். நீ எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனாய்.

உனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லலாம் என்று இன்னொரு நாள் வீட்டுக்கே வந்தேன். “தோட்டத்துல நோய் விழுந்தா பாதிச் செடிக்கு மருந்தடிச்சிட்டு மீதியை விட்டுட்டு வருவியா? விட்டா என்ன ஆகும்? பொழைச்சுக் கெடக்கிறது எல்லாம் மருந்துக்குப் பழகிட்டு மறுபடி வரும்ல?” என்றேன். நல்ல உதாரணம் என்று எனக்கே ஒரு பெருமை. நீ வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தாய். புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

“அடிச்சது போக டிரம்முல மிச்சம் இருந்தா பக்கத்துத் தோட்டத்துக்குக் குடுப்போம்ல” என்றாய்.

உன்னோடு பேசுவதற்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

பிறகுதான் எனக்கு விஷயமே விளங்கியது. உனக்குக் காய்ச்சல் விட்டதால் மாத்திரையை நிறுத்தவில்லை. செட்டுக்கு வேண்டும் என்றே நிறுத்தினாய். எழுதிக்கொடுத்ததில் பாதியை முழுங்குவது, பாதியை டப்பாவில் போடுவது. பல் வலிக்குக் கொடுத்தது, கண் கட்டிக்குக் கொடுத்தது, யார் வீட்டிலோ பிரசவத்துக்குப் பிறகு கொடுத்தது என்று எல்லார் வீட்டு மிச்சமும் உன் டப்பாவுக்கு வந்து சேர்ந்தது. நிறத்தை வைத்துப் பிரித்தாய். சிவப்பு மஞ்சள் புண்ணுக்கு, வெள்ளை நீளம் வயிற்றுக்கு. ஒரே நிறத்தில் வேறு வேறு மருந்து வரும், வெயிலும் மழையுமாக ஜீப்பில் கிடந்தால் கெட்டுப்போகும், காலாவதி என்று ஒன்று இருக்கிறது, இதையெல்லாம் யாரிடம் சொல்லி அழ?

ஒருதரம் உன் செட்டுப் பெண் ஒருத்திக்கு நீ கொடுத்த கேப்ஸ்யூல் ஒத்துக்கொள்ளாமல், ஜீப்பிலேயே உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நல்லவேளை, ஜீப்பு பாதி மலைதான் ஏறியிருந்தது, டிரைவர் அப்படியே திருப்பிவிட்டான். ஊசி போட்டு அவள் மூச்சு சீரான பிறகு உன்னை வராந்தாவுக்கு இழுத்துவந்தேன். எங்கள் கையில் மாற்று ஊசி எல்லாம் இருந்தும், முன்னால் எந்த மருந்தாவது சேராமல் போயிருக்கிறதா என்று கேட்காமல் ஒரு ஊசி போட மாட்டோம், நீ கேட்டாயா என்றேன். அழுதாய். இனிமேல் தொடமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய். சத்தியத்தை நீ எப்படிக் காப்பாற்றினாய் என்று பிறகு தெரிந்தது. அவள் ஒருத்திக்கு மட்டும் கொடுப்பதை நிறுத்தியிருந்தாய்.

நீ கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “ஆஸ்பத்திரி வரிசையில நின்னா அன்னைக்கு வேலை போச்சு. ஒருத்தி வரலைன்னா சூப்பர்வைசர் ஏன் ஆள் குறையுதுன்னு கேப்பாக. நான் என்ன செய்யட்டும், சொல்லு” என்று கேட்டாய். வரிசை நீளம்தான். ஜீப்பு நிற்காதுதான். அதற்காக?

உனக்கும் அட்டைப்பூச்சிக் கடிதான் வந்தது. சர்க்கரை வேறு இருந்தது, அதையும் என்னிடம் மறைத்தாய். டப்பாவிலிருந்து இன்று ஒன்று, நாளை ஒன்று என்று போட்டுக்கொண்டே தோட்டத்துக்குப் போனாய். கால் கறுக்கத் தொடங்கிய பிறகுதான் வந்தாய். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். வழக்கமாகக் கேட்கிற மருந்து ஒவ்வொன்றாக, இது கேட்காது, இதுவும் கேட்காது என்று பதில் வந்தது. டாக்டரிடம் கேட்டேன், அவள் டப்பாவால் வந்ததா என்று. “அப்படித் திட்டமாச் சொல்ல முடியாதும்மா. சர்க்கரை இருக்கு, லேட்டா வந்திருக்காக” என்றார். உன்மேல் முழுசாகக் கோபப்படக்கூட நீ எனக்கு வழி வைக்கவில்லை.

தேனிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வந்து நின்றது. உனக்குப் பெரிய மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பாட்டிலை அண்ணாந்து பார்த்தாய். என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். ஏதோ சொல்லப் போகிறாய், மன்னிச்சுக்கோ என்றோ, பிள்ளையைப் பாத்துக்கோ என்றோ சொல்லப் போகிறாய் என்று குனிந்தேன்.

“மிச்சம் இருந்தா எடுத்து வையி நர்சு. நம்ம செட்டுப் பிள்ளைகளுக்கு ஆகும்.”

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. இதை நினைத்து நான் அழுகிறேனா, பல்லைக் கடிக்கிறேனா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

கவிதாவுக்கு டாக்டர் மருந்தை மாற்றி எழுதினார். நல்லவேளையாக அது கேட்டது. ஸ்ட்ரிப்பை அவள் கையில் நான் கொடுக்கவே இல்லை. உன் வயிற்றில் பிறந்தவளை நம்ப நான் என்ன கிறுக்கியா? வீட்டில் படு என்றேன், வீக்கம் வடிந்ததும் ஜீப்பு ஏறிவிட்டாள். சரி, போ என்று நானும் ஜீப்பு நிறுத்தத்துக்குப் போனேன். காலையில் ஏறுமுன் ஒன்று, சாயங்காலம் இறங்கி, ஏதாவது வாயில் போட்டதும் ஒன்று. விழுங்கி, வாயைத் திறந்து காட்டினால்தான் விடுவேன். செட்டு முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும்.

உன் டப்பாவில் கிடந்ததையெல்லாம் ஆஸ்பத்திரியில் காலாவதி மருந்து போடுகிற பையில் கொட்டிவிட்டேன். டப்பாவைக் கழுவினேன், வாசனை போகவில்லை. அதில்தான் கவிதாவின் ஸ்ட்ரிப்பை வைத்து எடுத்துக்கொண்டு நடந்தேன். இப்போதும் டூட்டிப் பையில் அதைக் கொண்டுவருகிறேன். மாத்திரை வாங்கிப் போகிறவர்கள் காய்ச்சல் விட்டால் நிறுத்தலாமா என்று கேட்டால், டப்பாவை எடுத்து மேசையில் வைத்து உன் கதையைச் சொல்கிறேன். ஊரெல்லாம் உன் மானம் போகிறது. போகட்டும்.

நேற்றுச் சாயங்காலம் கவிதாவுக்குக் கடைசி மாத்திரை. ஜீப்பிலிருந்து இறங்கிய இன்னொருத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்து, “எனக்கும் ஒன்னு தா ஆத்தா, உங்கம்மா குடுப்பாகல்ல” என்று கவிதாவிடம் கை நீட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மகள் அதை வாயில் போட்டு விழுங்கிவிட்டாள்.

“எங்கம்மா தின்னு முடிக்கலக்கா. நானாவது முடிச்சுக்கிறேன்” என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, நான் கேட்காமலேயே வாயைத் திறந்து காட்டினாள்.

காலி ஸ்ட்ரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட மிச்சமில்லைடி. கேட்டதா உனக்கு?