காரை விற்க வேண்டாம், அடாப்டர் வாங்கிவிட்டேன்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அங்கே சளி, இருமல் என்று எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். முதலில் முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் சிநேகிதியின் அண்ணன் மாதக் கடைசியில் காரைப் பார்க்க வருவதாகச் சொன்னாயே, அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. கார் விற்பனைக்கு இல்லை. கோபப்படாதே, முழுதாகப் படி.

ஆரஞ்சு விளக்கு எரிகிறது என்று பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனதும், அவன் எட்டிப் பார்த்துவிட்டு இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னதும் உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ போனில், அப்பாதான் வெளியே வருவதே இல்லையே, யாருக்கும்மா அந்தக் கார் என்று கேட்டாய். நீ சொன்னதில் தப்பு இல்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இதய ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து இவர் கேட்டைத் தாண்டியதே இல்லை. நன்றாக நடமாடலாம் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும், தெருவில் ஏதாவது ஆகிவிட்டால் என்று ஜன்னல் ஓர நாற்காலியே கதி என்று உட்கார்ந்துவிட்டார். என்றைக்காவது ஒருநாள் இவரை அந்தக் காரில் ஏற்றி வெளியே கொண்டுபோய்விடலாம் என்றுதான் நான் இருந்தேன். அதையும் விற்றுவிட்டால் அப்புறம் அந்த நாற்காலிதான் நிரந்தரம்.

சரி, தையல் மிஷின் மக்கர் பண்ணினால் நான் யாரையாவது கூப்பிடுகிறேனா, நானேதானே பிரித்துப் பார்க்கிறேன். கார் மட்டும் என்ன கொம்பா. நம் தெருமுனை டாக்ஸிக்காரர்தான் சொன்னார், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது, அதில் தீப்பெட்டி அளவு ஒரு அடாப்டரைச் செருகினால் என்ன கோளாறு என்று காரே போனில் சொல்லிவிடும் என்று. உதிரிபாகக் கடையில் கேட்டால் அவன் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டியதன் விலைக்கு நான் இன்னொரு தையல் மிஷினே வாங்கிவிடுவேன். வேண்டாம் என்று வந்து போனில் தேடினேன். இருப்பதிலேயே மலிவான ஒன்றை வாங்கினேன், அது அழகாகக் கண் சிமிட்டியதே தவிர வாயைத் திறக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் புத்தி வந்தது. எல்லா அடாப்டரும் எல்லாப் போனோடும் பேசாது, நம் போனுக்கும் நம் கார் மாடலுக்கும் ஒத்துவருமா என்று கேட்டுவிட்டு, நட்சத்திரம் எத்தனை என்று பார்க்காமல், திட்டி எழுதியவர்கள் எதற்குத் திட்டுகிறார்கள் என்று படிக்க வேண்டும். அப்படிப் பார்த்து நடுத்தர விலையில் ஒன்று வாங்கினேன், நாம் எல்லோரும் ஒரு வேளை வெளியே சாப்பிடுகிற காசுதான். நீயும் உன் காருக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள், மாப்பிள்ளை தனக்கு எல்லாம் தெரியும் என்பார், காதில் போட்டுக்கொள்ளாதே.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு காருக்குள் தலைகீழாகக் கிடந்து செருகினேன், எதிர்வீட்டம்மா நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று ஓடி வந்துவிட்டாள். போனில் சிவப்பாக ஒரு வரி வந்தது. மூக்குக்கண்ணாடி எடுக்க உள்ளே போய் வருவதற்குள் உன் அப்பா கேட்டுக்கு உள்ளே நின்ற காரில் உட்கார்ந்து அதை அழித்துவிட்டார்! அவருக்குத்தான் மேசையில் ஒரு காகிதம் பாக்கி இருந்தால் ஆபீஸை விட்டுக் கிளம்ப முடியாதே. ‘அழி’ என்று ஒரு பட்டன் இருந்தது, அழித்தேன் என்கிறார். ஆரஞ்சு விளக்கும் அணைந்துவிட்டது, கோளாறு சரியாகிவிட்டது என்று அவருக்கு ஒரே பெருமை. நான் கத்திய கத்தலில் முகம் சுருங்கிப்போயிற்று. டாக்ஸிக்காரரிடம் கேட்டால், கோளாறு எங்கேயும் போகாது, கொஞ்சதூரம் ஓட்டினால் முதலில் போனில் எச்சரிக்கையாக வரும், மறுபடியும் வந்தால் விளக்கு எரியும், அதுவரை ஓட்டிப் பாருங்கள் என்றார். ஓட்டுகிறவள் எப்படிப் போனைப் பார்ப்பது. அப்போது உன் அப்பாவே, நான் அழிச்சதை நானே கண்டுபிடிச்சுத் தரேன் என்று சொல்லி, சட்டையை மாற்றிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எங்கே மனசு மாறிவிடுமோ என்று உடனே வண்டியை எடுத்துவிட்டேன்.

முதல்நாள் தெருமுனைக்குப் போவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போதும் என்றார், திரும்பிவிட்டோம். மறுநாள் பெட்ரோல் பங்க் வரை. அதற்கப்புறம் ரயில்வே கேட், அதையும் தாண்டி ஆற்றுப்பாலம். பாலத்தில் இறங்கி நின்று எவ்வளவு தண்ணி போகுது பாரு என்று சின்னப்பிள்ளை மாதிரி காட்டினார். கோளாறு மட்டும் வரவே இல்லை. பிடிவாதமான கார், நாளைக்கு இன்னும் கொஞ்சம் தூரம் போய்ப் பாப்போம் என்பார். எனக்கும் சந்தேகம் வரவில்லை.

போன வாரம் பைபாஸ் ஓரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். ரேடியோ கேட்கணும், சாவியை ஆன்லயே விட்டுட்டுப் போ என்றார், தினமும் அப்படித்தான் சொல்வார். டீயை வாங்கிக்கொண்டு பின்பக்கமாக வந்தால் ரேடியோ பாடவில்லை. அவர் கையில் போன், போனில் சிவப்பு வரி. நல்லவேளை மூக்குக்கண்ணாடி போட்டிருந்தேன், இன்ஜின் தேவையான அளவு சூடேறவில்லை என்று ஒரு நம்பரோடு பளிச்சென்று தெரிந்தது. உன் அப்பா சாவகாசமாக அழி என்கிற பட்டனை அழுத்தினார். தினமும் வந்திருக்கிறது, தினமும் அழித்திருக்கிறார்! கண்டுபிடித்துவிட்டால் மறுபடியும் வீட்டிலேயே உட்கார வேண்டுமே என்று நினைத்திருக்கிறார், வேறென்ன. வெளியே போகலாம் வா என்று கேட்க அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது, டீ சுடுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். இன்னிக்கும் ஒண்ணுமே வரல என்று அவர் சொன்னார், அடடா என்று நான் உச்சுக்கொட்டினேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

அந்த நம்பரை மனதில் வைத்துக்கொண்டு, லைனிங் துணி வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப்போய் சந்தைக்குப் பின்னால் ஷெட் போட்டிருக்கிற மெக்கானிக்கிடம் காட்டினேன். இன்ஜினைப் பிரிப்பதாவது, இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கிற தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னச் சாமான் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது, இப்படி ஓட்டினால் பெட்ரோல்தான் கூடக் குடிக்கும் என்று சொல்லி, என் கண்முன்னாலேயே மாற்றிக்கொடுத்துவிட்டார். கார் இப்போது ஜம்மென்று ஓடுகிறது. வீட்டில் மூச்சு விடவில்லை.

நேற்று ஏரிக்கரை வரை போனோம், நீ கிளம்பிப்போன பிறகு இவ்வளவு தூரம் இதுதான் முதல்தடவை. நிறுத்தியதும் அப்பா போனை எடுத்தார். அழிப்பதற்கு ஒன்றும் இல்லை. அடாப்டரைக் கழற்றி ஊதி மறுபடி செருகிப் பார்த்தார், அப்போதும் ஒன்றும் இல்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது, அவசரப்பட்டுச் சரிபண்ணிவிட்டோமோ என்று. கடைசியில் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒண்ணும் வரல, நாளைக்கு அந்தக் கரைக்குப் போய்ப் பாத்துடுவோமா என்று கேட்டார். போவோமே என்றேன்.

நீ நீண்ட ஆயுளோடும் குறையாத சந்தோஷத்தோடும் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. ராத்திரி முழித்து வேலை பார்க்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. காரைப் பார்க்க வருகிறவருக்கு மறக்காமல் இன்றைக்கே சொல்லிவிடு. அப்பா போனில், காரில் என்ன கோளாறு என்று இன்னும் தெரியவில்லை என்று சொன்னால் நீ எதுவும் காட்டிக்கொள்ளாதே, விடாமல் தேடுங்கள் அப்பா என்று மட்டும் சொல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா