எடுத்துக்கொடுக்காத பிள்ளைகள்

அன்பிற்கினிய மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் இங்கு அனைவரும் நலமே, நீயும் உன் பொறுப்பிலுள்ள மதரஸா விடுதிப் பிள்ளைகளும் அவ்வாறே இருக்கவேண்டுமென்பது என் ஐவேளை வேண்டுதல். பாட வேளையில் மொட்டை மாடியில் ஒளிந்துகொள்ளும் அந்தப் பிள்ளையை இவ்வாரமே வீட்டுக்கு அனுப்பிவிடும்படி தலைமை ஆசிரியையிடம் சொல்லப்போவதாக எழுதியிருந்தாய், அதைப் படித்தது முதல் எனக்கு வேலை ஓடவில்லை.

வாப்பாவின் கடைக்குப் புதிய தையல் இயந்திரம் வந்துவிட்டது, ஊரார் துணியெல்லாம் காத்துக்கிடக்கத் தமக்கே சட்டை மேல் சட்டையாகத் தைத்துத் தள்ளுகிறார், கேட்டால் "சும்மா ஓட்டிப் பாக்குறேம்மா" என்கிறார். உன் தம்பி தன் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறான், போர்வையைத் தானே மடிக்கிறான் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அவன் கூறிய செய்தி ஒன்றை நீ அவசியம் அறிய வேண்டும். மதரஸாவில் அவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் பெரிய ஹஸ்ரத் செருமினாலே சாப்பாட்டுக்கூடம் அடங்கிவிடுமாம். சென்ற மாதம் அவர் அந்திநேர மஃரிப் தொழுகையை முன்னின்று நடத்துகையில் ஓதிய வசனம் பாதியில் நின்றுவிட்டது. அத்தகைய வேளையில் பின்னால் நிற்பவர் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பதுதானே முறை, குர்ஆனை மனனம் செய்த பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேறு சூராவுக்குத் தாவி ஒருவாறு முடித்தவர் திரும்பி உட்கார்ந்து, "ஏம்ப்பா, ஒருத்தனுக்குமா தெரியல?" என்று கேட்க, நம் வீட்டு வாயாடி எழுந்து, "எல்லாருக்கும் தெரியும் ஹஸ்ரத், உங்களத் திருத்தினா திட்டுவீங்களோன்னு பயம்" என்றானாம். இவன் தொலைந்தான் என்று அருகிலிருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்துகொண்டார்களாம். ஹஸ்ரத்தோ தாடியை நீவியபடி, "தொழுகையிலகூட என்னத் தனியா விட்டுட்டீங்களேடா" என்று சிரித்துவிட்டாராம். மறுநாள் முதல் பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்து உண்கிறார், இவர்களும் விடியலில் ஒருவரும் எழுப்பாமலே எழுந்துவிடுகிறார்களாம். இப்போது அவர் மூச்சுவிட நிறுத்தினாலும் பத்துப் பேர் எடுத்துக்கொடுக்கிறார்கள், அது வேறு தொல்லை.

மகளே, கண்டிப்பு வேண்டாமென்று நான் கூறவில்லை, என் கையால் வாங்கியதை நீயும் மறந்திருக்கமாட்டாய். ஆயினும் தலைமை ஆசிரியையிடம் செல்லுமுன் நீயே மாடியேறி அவளருகில் உட்கார், ஏன் அங்கே வருகிறாளென்று கேள், பதில் வரும்வரை இறங்காதே. அதன்பின் உன் முடிவில் நான் தலையிடேன்.

அல்லாஹ் உன் கல்வியிலும் பணியிலும் பரக்கத் செய்வானாக. ஒரு நினைவூட்டல், உன் கடிதம் முழுவதும் அவளைப் பதினேழாம் கட்டில் என்றே குறித்திருக்கிறாய். அவளுக்காகத் துஆ செய்ய விரும்புகிறேன், கட்டிலுக்காகத் துஆ கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பெயரைக் கேட்டு உடனே எழுது.

என்றும் உன் நலம் நாடும்,
உம்மா