செம்பேன் மருந்து அடித்து இறந்த என் கணவரைத் தற்கொலை செய்துகொண்டவர் என்று எழுதியதைத் திருத்தக் கோருதல்

அனுப்புநர்:
ஆ. ஷைஜா,
க/பெ. (காலஞ்சென்ற) ஆன்ஸ்லின்,
சர்ச் தெரு, நெய்யூர் அஞ்சல்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: வீட்டினுள் செடி வளர்க்கும் அறையில் லேபிள் இல்லாத பூச்சிமருந்தை அடித்து என் கணவர் இறந்தது – தற்கொலை எனப் பதிவானதைத் திருத்தவும், மருந்து விற்றவர் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஆன்ஸ்லின் துபாயில், கட்டடத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்க்கும் ஒரு பண்ணையில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். ஊர் திரும்பியதும் எங்கள் மாடி அறையில் ஏ.சி.யும் விளக்குகளும் பொருத்தி ஸ்ட்ராபெர்ரி வளர்த்தார். கன்னியாகுமரி ஓட்டல்களுக்குப் பழம் கொடுத்து வந்தோம். பறிப்பதும் டப்பாவில் அடுக்குவதும் என் வேலை.

2. கடந்த மார்ச் மாதம் இலைகளில் வெளிறிய புள்ளிகள் விழுந்தன. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் செம்பேன் ஊர்ந்தது. கண்ணுக்குத் தூசி போலத்தான் தெரியும். ஆனால் ஒரு வாரத்தில் கொழுந்து முழுவதும் சிலந்திவலை போல நூல் கட்டிவிட்டது. நாங்கள் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தோம். கெட்ட இலைகளைக் கிள்ளி எரித்தோம். வேப்பெண்ணெயில் சோப்புக் கரைத்து அடித்தோம். கொஞ்சம் அடங்கியது. ஆனால் ஏ.சி. காற்றில் அறை எப்போதும் காய்ந்தே கிடந்ததால் மறுபடியும் பெருகியது.

3. ஏப்ரல் 12-ஆம் தேதி நானும் அவரும் எங்கள் ஊர்ச் சந்திப்பில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் டைட்டஸ் என்பவரிடம் போனோம். அவர் பின்அறையில் இருந்த கேனிலிருந்து லேபிள் இல்லாத ஒரு குப்பியில் மருந்தை ஊற்றிக் கொடுத்தார். அறைக்குள் அடிக்கலாமா என்று என் கணவர் கேட்டார். அதற்கு டைட்டஸ், "கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கி அடச்சிட்டு அடி மக்கா. காத்து வெளிய போச்சுன்னா பேனு சாவாது" என்றார். இதை என் காதால் கேட்டேன். எந்த நீதிமன்றத்திலும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

4. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவர் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அறைக்குள் போனார். வாசல் இடுக்கில் சாக்குத் திணித்து, உள்ளிருந்து கதவைச் சாத்தினார். நான் கீழே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மேலே ஏதோ விழும் சத்தம் கேட்டு ஓடினேன். கதவைத் தள்ளியபோது அவர் தரையில் கிடந்தார். வாயில் நுரை. சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, "ஏட்டி, உள்ள வராத. கண்ணு தெரியல்ல" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நான் உள்ளே போய்க் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். எனக்கும் வாந்தி வந்தது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கருவி வைத்தும் மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

5. விசாரணைக்கு வந்த காவலர்கள், தொழில் நொடிந்த மனவருத்தத்தில் மருந்து குடித்து இறந்தார் என்று எழுதிக்கொண்டு போனார்கள். டைட்டஸ் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். நான் அவர் கடைக்கே போய்க் கேட்டேன். "எனக்க கடயில இருந்து ஒண்ணும் வாங்கல்ல. உனக்க மாப்பிள மனசு ஒடிஞ்சு குடிச்சதுக்கு நான் என்ன செய்யதுக்கு?" என்று, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே சொன்னார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

6. சிகிச்சை அளித்த மருத்துவர், விஷம் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஏறியிருக்கிறது, குடித்ததற்கு அடையாளம் இல்லை என்று என்னிடம் சொன்னார். காவல்துறை கேட்டால் எழுதித் தருவதாகவும் சொன்னார். இன்றுவரை யாரும் கேட்கவில்லை. மருந்து மீதமிருக்கும் குப்பியையும் தெளிப்பானையும் யாரும் எடுத்துச் செல்லவில்லை. அவை அந்த அறையிலேயே பூட்டிக் கிடக்கின்றன. அடக்கம் முடிந்த மறுவாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருமுறை உள்ளே போனேன். செடிகள் வாடியிருந்தன. நூல்மேல் செம்பேன்கள் அப்போதும் ஊர்ந்துகொண்டிருந்தன.

7. எங்கள் சபையில் அடக்க ஆராதனையின்போது இறந்தவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்ல யாராவது எழும்புவது வழக்கம். என் கணவருக்கு யாரும் எழும்பவில்லை. அவர் பாடகர் குழுவில் பாடியவர்.

8. அவருடைய தாயார் லீலாபாய் என்னோடுதான் இருக்கிறார். நெஞ்சுவலிக்குச் சிகிச்சை பெற்று வருகிறார். நடந்ததை எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். கேட்டுக்கொள்கிறார். பிறகு சாப்பிட உட்காரும்போது, "எனக்க பிள்ள எதுக்கு மக்கா அப்பிடி செய்தான்?" என்று கேட்கிறார். அரசாங்கம் எழுதியது பொய்யாக இருக்காது என்று அவர் நம்புகிறார்.

எனவே, அறையில் இருக்கும் குப்பியைத் தங்கள் அலுவலர் முன்னிலையில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவும், மருத்துவரிடம் வாக்குமூலம் பெறவும், டைட்டஸின் கடையையும் பின்அறையையும் உடனே சோதனையிடவும் உத்தரவிட வேண்டுகிறேன். அந்தக் கடை இன்று காலையும் திறந்திருந்தது. நிவாரணத் தொகை கேட்டு நான் வரவில்லை. என் கணவர் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ளவில்லை என்று முத்திரையிட்ட ஒரு தாள் வேண்டும். அவர் தாயார் கண்மூடும் முன் அதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குத் தாங்கள் மனம் இரங்க வேண்டும்.

இடம்: நாகர்கோவில்
நாள்: 16.06.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
ஆ. ஷைஜா