ரேடியேட்டரில் ஊற்றிய ரப்பர் பால்

மெக்கானிக் நம் ஜீப்பின் ரேடியேட்டரைக் கழற்றித் திறந்ததும் துருவோடு சேர்ந்து ஒரு வாடை வந்தது. புளித்த ரப்பர் பால் வாடை. கீரிப்பாறைத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போய் விட்டுவிட்டு வரும்போது உங்கள் சட்டையில் அடிக்குமே, அதே வாடை. ஒர்க்‌ஷாப் என்றும் பாராமல் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நீங்கள் போன பிறகு இந்த ஜீப்பை யாரும் எடுக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்த அன்று, ஆஸ்பத்திரிக்கு இதை ஓட்டியவன் உங்கள் தம்பி. பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, ஆவி கிளம்பியது, வண்டி நின்றது. வேறு வண்டி பிடித்து உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "தண்ணி பாக்காம எடுத்துட்டேன் மதினி. நாந்தான் அண்ணனக் கொன்னேன்." அன்று முதல் அவனுக்கு அந்த ஒரே பேச்சுதான். வேலைக்குப் போவதில்லை. வளர்ந்த ஆண்பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறான். இவனையும் இழந்துவிடுவோம் என்று பயந்துதான் ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். அன்று அது ஏன் கொதித்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கழற்றுவதற்கு முன் மெக்கானிக் எல்லாம் பார்த்தார். தண்ணீர் ஒழுகவில்லை. ஃபேன் பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. வாட்டர் பம்ப்பிலும் குறையில்லை. ஓடவிட்டு ரேடியேட்டரைத் தொட்டால் மேலே கை வைக்க முடியாத சூடு, கீழே பச்சைத் தண்ணீர் மாதிரி. திறந்தபோது குழாய்களுக்குள் வெள்ளை வெள்ளையாக ரப்பர். "இது யாரு பாத்த வேலையாக்கும்? பால ஊத்தியிருக்காவ அக்கா. சூட்டுல கொஞ்சங்கொஞ்சமா உறஞ்சு முழுசா அடச்சிட்டு. எவ்வளவு தண்ணி ஊத்தி எடுத்தாலும் கொதிக்கத்தான் செய்யும்."

யார் பார்த்த வேலை என்று எனக்கா தெரியாது? ஒரு மழைநாளில் ஏற்றத்தில் ரேடியேட்டர் ஒழுகியபோது, பால் வெட்டுகிறவர்களிடம் ஒரு போணி பால் வாங்கி ஊற்றினீர்கள். ஒழுக்கு நின்றது. வண்டியிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். "ஏட்டி, மருந்து மரத்துலயே இருக்கு, பாத்தியா?" என்று என்னிடம் ஒரே பெருமை. ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள் என்று நானும் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "ஒழுகல்லல்லா, பொறவு என்னத்துக்கு?" நெஞ்சு எரிந்தபோதும் அதே கதைதான். "வாயுவாக்கும்" என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறினீர்கள். அப்போதைக்கு அடைத்தால் போதும் உங்களுக்கு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. உங்கள் கைராசியைப் பேசாத ஆள் இங்கே கிடையாது. போய்ச் சேர்ந்தவர் தலையில் பழியைப் போடுவதா? ஆனால் உயிரோடு இருக்கிறவன் அல்லவா செத்துக்கொண்டிருக்கிறான். குழாயிலிருந்து உருவிய ரப்பரைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். மெக்கானிக் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவன் அதை விரலால் இழுத்துப் பார்த்தான். "அண்ணன் ஊத்துன பாலா?" என்று கேட்டான். பிறகு, உங்களை எடுத்த அன்றுகூட அழாதவன், வாய்விட்டு அழுதான். அழுது முடித்து எழுந்து உட்கார்ந்து, "அண்ணனத் திட்டாதீங்க மதினி" என்றான்.

சரி என்று அவனிடம் சொல்லிவிட்டேன். பொய்தான். அவன் சுமையை இறக்கியாகிவிட்டது; உங்கள் மேலுள்ள கோபம் என்னோடு இருக்கட்டும். உரிமையோடு கோபித்துக்கொள்ள எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?