பெயர் போடாமல் நீ படித்துக் கொடுத்தவை

என் கல்யாணிக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உனக்கு நான் கடிதம் எழுதினதே இல்லை. நீ பாளையங்கோட்டைக்குப் போயிருந்தால்கூட டிரங்க் கால்தான். இப்போது நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு எதையாவது எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். வங்கியில் குப்பை கொட்டினவன் என்னத்தை எழுத? ஆனால் உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது, கல்யாணி. கேட்காமல் எனக்கு மண்டை குடைகிறது.

முதலில் வீட்டு விஷயம். ஜனக்புரிக்கு மெட்ரோ வந்தாச்சு. நீ பஸ்ஸில் நசுங்கிக் கல்லூரிக்குப் போன வழியில் இப்போது ஜனங்கள் ஏசியில் போகிறார்கள். நம் பெண் மீனா வாரம் தவறாமல் குர்காவ்னிலிருந்து வந்து என் மருந்து டப்பாவைச் சோதனை போடுகிறாள். உனக்கு இன்னமும் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. முன்பு தபாலில் தடித்தடியாக வரும், இப்போது ஈமெயிலில். "டாக்டர் கல்யாணி அவர்களே, தயவுசெய்து இதைப் படித்துக் கருத்துச் சொல்ல முடியுமா?" போன வாரம்கூட ஒன்று. அம்மா காலமாகிவிட்டாள் என்று மீனாதான் பதில் தட்டினாள்.

உனக்குத் தெரிந்ததைத்தான் இனிச் சொல்லப்போகிறேன், பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்காக. ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினால், உடனே அச்சுப் போட்டுவிட மாட்டார்கள். அதே துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி, சரியா தப்பா பாருங்கள் என்பார்கள். அதற்குப் பெயர் ரெவ்யூ. படித்தவர் யார் என்று எழுதினவருக்குக் கடைசிவரை தெரியாது. சம்பளம் கிடையாது, பெயரும் கிடையாது. இந்த வேலைக்கு ஏன் எல்லோரும் உன்னையே தேடி வந்தார்கள்? கேட்டால் மறுக்க மாட்டாய் என்று அங்கே யாரோ எழுதி வைத்திருந்தார்கள்போல.

டெல்லிக் குளிரில் ஞாயிற்றுக்கிழமை வெயில் எவ்வளவு பெரிய விஷயம்! ஊரே மொட்டை மாடியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும். நீ பால்கனியில் பிரம்பு மோடாவைப் போட்டு உட்கார்ந்திருப்பாய்; மடியில் யாரோ ஒருவனுடைய கட்டுரை, கையில் பென்சில். உன் சொந்தத் தாவரவியல் ஆராய்ச்சி பீரோவுக்குள் தூங்கும். நான் கத்துவேன். நீ நிமிர்ந்தும் பார்க்க மாட்டாய்.

"எதுக்குக் கெடந்து சத்தம் போடுதீய? ஒருத்தன் வருசக்கணக்கா பாடுபட்டு எழுதிருக்கான். நாம ரெண்டு நாளு உக்காந்து படிச்சா கொறஞ்சா போயிருவோம்?"

குறைந்துதான் போனாய். லெக்சரரிலிருந்து ரீடராகும் பதவி உயர்வுக்கான இன்டர்வியூவில், வெளியிலிருந்து நிபுணராக வந்திருந்த பேராசிரியர், "உங்கள் கட்டுரைகள் ரொம்பக் குறைவாக இருக்கின்றனவே, இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். நீ ரெவ்யூ வேலையைச் சொல்ல ஆரம்பித்தாயாம். "அதெல்லாம் எல்லோரும் செய்வதுதானே மேடம்" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினாராம். பதவி வேறொருவருக்குப் போனது. அன்று சாயங்காலம் நீ வெறும் ரசம் வைத்துப் பரிமாறினாய்.

அதற்கு அடுத்த வருஷம்தானே அந்தக் கவர் வந்தது? உள்ளே அதே பேராசிரியருடைய கட்டுரை. படிக்கச் சொல்லி உனக்கு அனுப்பியிருந்தார்கள். நீ முறையாக அந்த வெளிநாட்டு ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதினாய்: இவர் என் பதவி உயர்வை மறுத்த குழுவில் இருந்தவர், நான் படிப்பது நியாயமா? நடுநிலையோடு படிக்க முடியும் என்று நினைத்தால் படியுங்கள் என்று பதில் வந்தது.

நீ படித்தாய். போக்குவரத்து மிகுந்த சாலையின் வேப்பிலையையும் அமைதியான சாலையின் வேப்பிலையையும் பறித்து, எதில் புகைத்தூசி அதிகம் என்று ஒப்பிட்டிருந்தார். பெரிய வித்தியாசம், பெரிய முடிவு. இலை பறித்த தேதிகளைப் பார்த்துவிட்டு நீ சிரித்தாய். ஒரு சாலையில் மழைக்கு முன்னால் பறித்திருக்கிறார்கள், இன்னொன்றில் மழைக்குப் பின்னால். மழை கழுவிவிட்ட இலையில் தூசி எங்கே இருக்கும்?

எனக்குக் கொண்டாட்டம். "விட்டுவிடு, அப்படியே அச்சாகட்டும், ஊர் சிரிக்கட்டும்" என்றேன்.

"மரம் என்ன அவரு வீட்டு மரமா? தப்பா அச்சாச்சுன்னா அதப் படிக்கிற பிள்ளையெல்லாம் தப்பால்லா படிக்கும்" என்றாய். ஒரு மாதம் உட்கார்ந்து, எங்கே எப்படி மறுபடி பறிக்க வேண்டும், எப்படிக் கணக்கிட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினாய். பிறகு என்னிடம் சத்தியம் வாங்கினாய். "இது யாருக்கும் தெரியக் கூடாது. மீனாட்டயும் சொல்லாதீய."

சொல்லவில்லை. உன் கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்களே, அன்றைக்கும் சொல்லவில்லை. அங்கேதான் எனக்குக் குழப்பம் பிடித்தது.

அந்தப் பேராசிரியர் வந்திருந்தார், கல்யாணி. மாலை போட்டார், மைக்கைப் பிடித்தார். "கல்யாணி மேடம் அருமையான ஆசிரியை. ஆராய்ச்சிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால் எங்கோ போயிருப்பார்" என்றார். அப்புறம் மாணவர்களைப் பார்த்து, ஆராய்ச்சி என்றால் என்ன என்று சொல்ல ஆரம்பித்தார். "என் பெயர் வெளியே தெரிந்ததே ஒரு கட்டுரையால்தான். அதில் இருந்த பெரிய தவறை ஒரு ரெவ்யூவர் பிடித்தார். யாரோ வெள்ளைக்காரர். நம் ஊர் மழை இலையைக் கழுவிவிடும் என்று அங்கே உட்கார்ந்துகொண்டு யோசித்திருக்கிறார்! நம்மிடம் அப்படிப் படிக்கிறவர்கள் இல்லை. அவர் யாரென்று தெரிந்தால் விமானம் ஏறிப் போய்க் கைகுலுக்கிவிட்டு வருவேன்."

விமானம் எதற்கு? ஜனக்புரிக்கு ஆட்டோ போதுமே.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எதற்குத் தட்டினேன்? அவர் உன்னைத்தான் குறை சொன்னார், உன்னைத்தான் புகழ்ந்தார், அவருக்கே தெரியாமல். அந்தப் புகழ் உனக்கு வந்து சேர்ந்த கணக்கா, சேராத கணக்கா? என்னையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து மைக் முன்னால் நின்றேன். உன் படம் எதிரே. உண்மை வாய் வரைக்கும் வந்தது. "வந்த எல்லோருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆட்டோவில் மீனா அழுதாள். "அந்த சார் சொன்னது சஹி தானே, கரெக்ட்தானே அப்பா? அம்மா இவ்வளவு மெஹனத் பண்ணி, உழைச்சு உழைச்சு என்ன கிடைச்சுது? ஊருக்கெல்லாம் ஓசியில வேலை பார்த்தா. அம்மா தோத்துட்டா, இல்ல?"

அந்தப் பேராசிரியர் என்ன நினைத்தால் எனக்கென்ன, கல்யாணி? ஆனால் நீ பெற்ற பிள்ளை உன்னைத் தோற்றவள் என்று நினைத்துக்கொண்டு குர்காவ்னில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அதை எப்படி நான் பார்த்துக்கொண்டிருப்பேன்? சத்தியம் வாங்கினவள் போன பிறகும் சத்தியம் நிற்குமா? படித்தவர் பெயரைச் சொல்லக் கூடாது என்கிற அந்த விதியே யாருக்காக? எழுதினவர் மனம் கோணாமல் இருக்கவா, படித்தவளைக் காப்பாற்றவா? படித்தவள்தான் போய்விட்டாளே. நீயாக இருந்தால் இதற்கும் இரண்டு பக்கம் குறிப்பெழுதித் தெளிவாக்கியிருப்பாய். எனக்கு அது வராது.

அதனால் எனக்குத் தெரிந்த வழியில் செய்திருக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த யாராவது சொல்லிக் கண்டுபிடித்துவிடப் போகிறார் என்று மரத்தையும் மாற்றிவிட்டேன். மேலே வேம்பு என்று எழுதியிருப்பது வேம்பு இல்லை. எந்த மரம் என்று நம் இருவருக்கும் தெரியும். அவர் பெயரை எந்த நாளும் என் வாயால் சொல்ல மாட்டேன். இது உறுதி.

ஆனால் மீனாவுக்கு மட்டும் மறைக்கப்போவதில்லை. நாம் பெற்ற டெல்லிக்காரிக்குத் தமிழ் படிக்க வராது. வருகிற சனிக்கிழமை அவளை எதிரே உட்கார வைத்து, ஒரு வரி விடாமல் நானே படித்துக் காட்டுவேன். உனக்குக் கோபம் வரும், தெரியும். வந்தால், ஒரே ஒரு தடவை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போ.

சத்தியத்தைப் பாதி மட்டும் காப்பாற்றின
உன் வீட்டுக்காரன்